மாற்றாத ஃபேன் மோட்டாருக்கு 6,800 ரூபாய்: கார் வைத்திருப்போர் கவனத்திற்கு

கடந்த மே மாதம் மதுரையில், எஞ்சின் சூடேறுகிறது என்று காரைக் கொடுத்த ஒர்க்‌ஷாப்பில் நான் ஏமாற்றப்பட்டேன். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் இதே பழுதோடு வேறொருவர் போய் நின்று பணத்தை இழக்கக் கூடாது என்பதால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

கோரிப்பாளையம் சிக்னலில் ஏ.சி. போட்டு நின்றுகொண்டிருந்தபோது டெம்பரேச்சர் முள் மளமளவென்று ஏறியது, ஏ.சி.யிலிருந்தும் வெக்கையான காற்றே வந்தது. நெரிசலைக் கடந்து மேலூர் சாலையில் வேகமெடுத்ததும் முள் தானாகவே நடுவுக்கு இறங்கிவிட்டது. பழுது எங்கே என்பதை இந்த ஒரு விவரமே பாதி சொல்லிவிடும் என்பது அன்று எனக்குத் தெரியாமல் போயிற்று. ஓடுகிற வண்டியில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும் என்பதால், நிற்கும்போது மட்டும் சூடேறினால் முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டருக்குக் காற்று வீசும் ஃபேனையும் அதற்குக் கரண்ட் வரும் வழியையும்தான்.

ஒர்க்‌ஷாப்காரர் பானெட்டைத் திறந்த இரண்டாவது நிமிடமே, "மோட்டார் போயிருச்சு சார், இப்படியே ஓட்டினா ஹெட் கேஸ்கெட்டும் போயிரும்" என்றார். ஃபியூஸைக் கழற்றிப் பார்க்கவுமில்லை, கரண்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கவுமில்லை. எஞ்சினின் தலைப்பகுதி கசியாமல் அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட், அது போனால் பெரிய செலவு என்று பயந்து சம்மதித்தேன். மாலையில் வந்த பில்லில் ஃபேன் மோட்டார் அசெம்பிளி 6,800, ரேடியேட்டர் சுத்தம் 1,500, ரேடியேட்டரில் ஊற்றும் குளிர்விப்புத் திரவமான கூலன்ட் 1,200, கூலி 1,800 என மொத்தம் 11,300 ரூபாய் இருந்தது. பழைய மோட்டாரைக் கேட்டதற்கு, இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டதாகப் பதில் வந்தது.

ஒன்பதாம் நாள் அதே சிக்னலில் அதே முள் மீண்டும் ஏறியது.

இம்முறை வயதில் மூத்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். அவர் வண்டியை ஸ்டார்ட் செய்து ஏ.சி.யைப் போடச் சொன்னார், ஏ.சி. போட்டால் ஃபேன் ஓடியாக வேண்டும், ஓடவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. மோட்டாரின் பிளக்கைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்ததும் ஃபேன் சீறிக்கொண்டு சுற்றியது. அடுத்து, ஃபேனுக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் சிறு சுவிட்சான ரிலேயைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். நான்கு கால்களில் ஒன்று கருநீலமாகக் கருகி, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது. ஹாரனுக்கும் அதே எண்ணுள்ள ரிலே என்பதால் அதை எடுத்து இங்கே செருகியதும் ஃபேன் ஓடியது. உள்ளே கருகிய ரிலே சில நாள் பிடிக்கும், சில நாள் பிடிக்காது. இடையில் எட்டு நாள் வண்டி நன்றாக ஓடியதும் அதனால்தான். புது ரிலேவுக்கும் சாக்கெட்டைச் சுத்தம் செய்ததற்கும் சேர்த்து 450 ரூபாய் ஆனது.

பிறகு அவர் டார்ச்சை ஃபேன் சட்டத்தின் மேல் அடித்துக் காட்டினார். போல்ட்டின் தலையையும் சட்டத்தையும் சேர்த்து மூடியிருந்த காய்ந்த சேற்றில் ஒரு கீறல்கூட இல்லை. "தம்பி, இதுல ஸ்பேனரே படல" என்றார். ரேடியேட்டர் நன்றாக ஆறிய பின் மூடியைத் திறந்தால், கூலன்டின் நிறமே இல்லாத வெறும் குழாய்த் தண்ணீர் இருந்தது. இந்த உப்புத் தண்ணீர் ரேடியேட்டரின் நுண்குழாய்களில் படிந்து அடைத்துவிடும் என்பதால், மோட்டார் விஷயத்தைவிட இதுவே எனக்கு அதிக ஆத்திரத்தைத் தந்தது.

ஆகவே வண்டியைக் கொடுப்பதற்கு முன் ஏ.சி. போட்டு ஃபேன் ஓடுகிறதா என்று நீங்களே பாருங்கள். பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்துக் காட்டாமல் மோட்டார் போய்விட்டது என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். கழற்றும் பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று எஸ்டிமேட்டிலேயே எழுதி வாங்குங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள், அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென ஓடும் என்பதால் விரலையும் விட வேண்டாம்.

பில்லையும், சேறு படிந்த போல்ட்டின் படங்களையும் வைத்து 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பணம் திரும்ப வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக ஒர்க்‌ஷாப்புக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டேன். இரும்புக் கடைக்குப் போய்விட்டதாகச் சொன்ன அந்த மோட்டார்தான் இன்றும் என் வண்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது.