உண்ணிக் கொக்கி: நாய்க்குச் சரி, நமக்கு?

கர்நாடகத்தின் சாகராவில் பாக்குத் தோட்டம் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். உண்ணி கடித்துப் பரவும் வைரஸ் நோயான குரங்குக் காய்ச்சல் 1957இல் முதலில் தெரியவந்த கியாசனூர் காடு இதே சிவமொக்கா மாவட்டம்தான். அந்தப் பயத்தில் 180 ரூபாய்க்கு உண்ணியைப் பிடுங்கும் இந்தப் பிளாஸ்டிக் கொக்கி வாங்கினேன்.

நாயின் காதில் கொழுத்துக் கிடக்கும் உண்ணிக்குக் கச்சிதம். அடியில் செருகி மெல்லச் சுழற்றினால் தலையோடு வந்துவிடுகிறது. ஆனால் மனிதருக்குக் குரங்குக் காய்ச்சலைப் பெரும்பாலும் கொண்டுவருவது பொடிசான இளம் உண்ணி. போன ஜனவரியில் முழங்கால் மடிப்பில் அப்படி ஒன்று. கொக்கியின் பிளவில் சிக்கவே இல்லை, வழுக்கிக்கொண்டே இருந்தது. அம்மா மண்ணெண்ணெய் தடவச் சொன்னார். அது கூடவே கூடாது. அப்புறம் கூர்முனை இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக இழுத்தேன்.

கொக்கிக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு 2. இப்போது தோட்டத்தில் இறங்குமுன் கைகாலில் உண்ணி அண்டாமலிருக்கத் தடவும் டெபா எண்ணெய்தான்.