வோலின் செக் வீரரைத் தேடுபவர்களுக்கு: பிராக் ராணுவக் காப்பகத்தின் இணையத் தரவுத்தளம்

1860, 70களில் நிலம் தேடி இன்றைய உக்ரைனின் வோலின் பகுதிக்குப் போன செக் விவசாயிகளின் வாரிசுகள், 1944இல் ரிவ்னேவில் செக்கோஸ்லோவாக் படையில் சேர்ந்தார்கள். சுமார் 12,000 பேர். அதே ஆண்டு செப்டம்பரில், போலந்து-ஸ்லோவாக்கியா எல்லையிலுள்ள டுக்லா கணவாயில் ஜெர்மானியப் படையுடன் சண்டை. அவர்களில் ஒருவரைத் தேடத் தொடங்க, பிராக்கின் மத்திய ராணுவக் காப்பகம் வைத்திருக்கும் தரவுத்தளத்தைவிட நல்ல இடம் இல்லை. கட்டணம் கிடையாது. பிறந்த தேதி, பிறந்த ஊர், படையில் சேர்ந்த விவரம் ஆகியவை கிடைக்கும்.

பெயரை அடித்தும் ஒன்றும் வரவில்லை என்றால் ஆள் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ரஷ்ய எழுத்தில் 'ஹ' ஒலிக்குத் தனி எழுத்து இல்லாததால், ஹ்லாவாச்செக் என்ற குடும்பப்பெயர் ரஷ்யக் காகிதங்களில் க்லாவாச்செக் ஆகிவிடும். இரு உலகப் போர்களுக்கு இடையே வோலினின் மேற்குப் பகுதி போலந்திடம் இருந்ததால், வாட்ஸ்லாவ் என்பவர் போலந்துச் சான்றில் வாட்ஸ்வாவ். இரண்டு விதமாகவும் தேடுங்கள். 1918க்கு முன் பிறந்தவர்களுக்குத் தேதியும் இடறும். ரஷ்யப் பேரரசில் ஜூலியன் நாட்காட்டி இருந்ததால், 1900 மார்ச்சுக்குப் பிறகான பிறப்புகளில் 13 நாள் வித்தியாசம் வரும். அதற்கு முன் 12. தேதியை விட்டுவிட்டு, ஆண்டை மட்டும் வைத்துச் சலிப்பது நல்லது. பெண் வீரர்களைத் திருமணத்துக்கு முந்தைய பெயரிலும் தேடிப் பாருங்கள்.

ஆனால் தரவுத்தளம் வாசல்படிதான். உண்மையான புதையல், செக்கோஸ்லோவாக்கியாவின் 1946ஆம் ஆண்டு 255ஆம் எண் சட்டப்படி வழங்கப்பட்ட விடுதலைப் போராட்டச் சான்றிதழுக்கான கோப்பு. அதற்கு விண்ணப்பித்தவர் சேவைக் காலத்தை நிரூபிக்க வேண்டியிருந்ததால், ஒற்றை வரிப் பதிவில் இல்லாதவை அதில் இருக்கும். காப்பகத்துக்குச் செக் மொழியில் எழுதி, பெயர், பிறந்த தேதி, ஊர் மூன்றையும் கொடுத்துக் கேளுங்கள்.

போருக்குப் பிந்தைய குடியேற்றத்தை இந்தத் தளம் காட்டாது. அது பெரிய குறைதான். 1945இலேயே பல வீரர்கள் பொஹீமியாவின் (செக் நாட்டின் மேற்குப் பகுதி) ஜாட்டெட்ஸ் வட்டாரத்தில், வெளியேற்றப்பட்ட ஜெர்மானியர்களின் பண்ணைகளைப் பெற்றார்கள். குடும்பங்களோ சோவியத் ஒன்றியத்துடனான 1946 ஜூலை 10 இடமாற்ற ஒப்பந்தத்துக்குப் பிறகு, பெரும்பாலும் 1947இல்தான் ரயிலில் வந்து சேர்ந்தன. அதனால் அந்த இடைக்காலக் காகிதங்களில் கணவர் பொஹீமியாவிலும் மனைவி சோவியத் ஒன்றியத்திலும் இருப்பதாகத் தெரிந்தால் அது பிழையல்ல.

நில ஒதுக்கீட்டுக்கு அந்தந்த மாவட்டக் காப்பகத்தை நாட வேண்டும். ஜாட்டெட்ஸ் என்றால் லௌனி. கிராமத்தின் பழைய ஜெர்மன் பெயரையும் கையில் வைத்திருங்கள். ஜாட்டெட்ஸுக்கு அது சாட்ஸ். செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவின் நோவி மாலின், 1943 ஜூலை 13இல் எரிக்கப்பட்ட வோலினின் செஸ்கி மாலின் கிராமத்தின் நினைவாகப் பெயர் மாற்றப்பட்ட ஊர். பழைய காகிதங்களில் ஃப்ராங்க்ஷ்டாட் என்றே இருக்கும்.