சென்னை–மதுரை: விமானத்தில் போனால் உண்மையில் எவ்வளவு நேரம் மிச்சம்?

நேர்கோட்டில் சுமார் 420 கி.மீ., சாலையில் சுமார் 460, திண்டுக்கல் சுற்றிப் போகும் ரயிலில் 493. விமான டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்று போட்டிருப்பார்கள், ஏடிஆர் எனும் சின்ன புரொப்பெல்லர் விமானம் என்றால் ஒன்றரை. அதை நம்பி மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அண்ணா நகரிலிருந்து கிளம்புகிறவர் ஆலந்தூரில் மெட்ரோ மாறி மீனம்பாக்கம் விமான நிலையம் போய் உள்ளே நுழைய ஒரு மணி நேரம். உள்நாட்டு முனையங்கள் இரண்டு, டி1, டி4. எது என்று டிக்கெட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டி போடும் கவுன்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவதால் ஒன்றேகால் மணி நேரம் முன்னால் நிற்பது கட்டாயம். ஏடிஆரில் தலைக்கு மேலுள்ள அறை சின்னது. சக்கரப் பெட்டியை வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள், இறங்கியபின் அதற்கொரு காத்திருப்பு. மதுரை விமான நிலையம் நகருக்குத் தெற்கே 12 கி.மீ. தள்ளி இருக்கிறது. எல்லாம் கூட்டினால் வீட்டு வாசலிலிருந்து மாசி வீதிக்கு ஐந்து மணி நேரம்.

காரில் எட்டு மணி நேரம். நெடுஞ்சாலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, இரண்டு முனைகளில்தான் வினை. பெருங்களத்தூர் முதல் பரனூர் சுங்கச்சாவடி வரை வெள்ளி மாலையில் மாட்டினால் அங்கேயே ஒன்றரை மணி நேரம் கரையும். அடுத்தது திருச்சி: புறவழிச்சாலை என்று பேர்தான், சஞ்சீவி நகர், பால்பண்ணை, ஜி கார்னர் என்று ஊர் வண்டிகளெல்லாம் அதில்தான். காலை 5 மணிக்குள் தாம்பரம் தாண்டினால் முதல் சிக்கல் இல்லை. சுங்கச்சாவடி எட்டு: பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி. ஃபாஸ்டேகில் பணம் போட்டுவிட்டு ஏறுங்கள். லிட்டருக்கு 16 கி.மீ. கொடுக்கும் வண்டிக்கு 29 லிட்டர் பெட்ரோல். ஒற்றை ஆள் காரில் போவது காசுக்குப் பிடித்த கேடு. நாலு பேர் என்றால் விமானம் கிட்டேயே வராது.

இரவுப் பேருந்து கிளாம்பாக்கத்திலிருந்து எட்டு, ஒன்பது மணி நேரம். வழியில் மோட்டல் நிறுத்தத்தில் சாப்பிடுவதைவிட வீட்டிலேயே சாப்பிட்டு ஏறுவது மேல். விடியும் முன் மாட்டுத்தாவணியில் இறக்கிவிடுவார்கள், பகல் முழுக்கக் கையில் இருக்கும்.

விமானத்துக்கு உண்மையான போட்டி எழும்பூர்–நாகர்கோவில் வந்தே பாரத்தான். காலை 5 மணிக்குக் கிளம்பி ஐந்தே முக்கால் மணி நேரத்தில் மதுரை, அதுவும் ஊர் நடுவில். புதன்கிழமை ஓடாது. தாம்பரத்தில் நிற்பதால் தென்சென்னைக்காரர்கள் விமானத்துக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையே இல்லை. அண்ணா நகர்க்காரருக்கும் விமானத்தால் மிச்சமாவது ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான்.

அப்படியானால் விமானம் யாருக்கு? திருமங்கலம், அருப்புக்கோட்டை, விருதுநகர் பக்கம் போகிறவர்களுக்கு. விமான நிலையம் அந்தத் திசையில் இருப்பதால் மதுரை நெரிசலுக்குள் நுழையாமலே கிளம்பிவிடலாம். காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டியவர்களுக்கும் விமானம்தான் வசதி. போகியன்று காலை மட்டும் வேண்டாம்: பழைய பாயையும் டயரையும் கொளுத்திய புகை கலையும் வரை மீனம்பாக்கத்தில் விமானங்கள் தாமதமாகும். பொங்கல், தீபாவளி முடிந்து ஞாயிறு மாலை சென்னை திரும்புவதானால், செங்கல்பட்டிலிருந்து வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். அன்றைக்கு மட்டும் விமானக் கட்டணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டலாம், முன்கூட்டியே பதிவு செய்திருந்தால்.