வெப்பமின் தகடு: வகுப்பறையில் பயன்படுத்திய பின்

வெப்பநிலை வேறுபாடு மின்சாரத்தை உண்டாக்கும் சீபெக் விளைவை மாணவர்களுக்கு நேரில் காட்டுவதற்காக, 40 மில்லிமீட்டர் சதுரமுள்ள பிஸ்மத் டெலுரைடு என்ற குறைக்கடத்தியாலான வெப்பமின் தகடு ஒன்றை இணையத்தில் வாங்கினேன். கொதிநீர்ப் பாத்திரத்துக்கும் பனிக்கட்டி நிரம்பிய அலுமினியக் கிண்ணத்துக்கும் நடுவே, இருபுறமும் வெப்பம் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் தடவி அதை வைத்தபோது சிவப்பு எல்.இ.டி. விளக்கு எரிந்தது, பிள்ளைகளின் வியப்பு எனக்கும் தொற்றிக்கொண்டது. பனி உருகியதும் வெளிச்சம் மங்கிவிட்டது. எந்தப் பக்கம் சூடாக வேண்டும் என்ற குறிப்பைக்கூட விற்பனையாளர் இணைக்கவில்லை.

மின்சாரத்தை நன்கு கடத்தும் பொருள் வெப்பத்தையும் எளிதில் கடத்தி, இரு பக்கங்களின் வெப்பநிலை வேறுபாட்டைக் குறைத்துவிடுவதால், இத்தகைய தகடுகள் வெப்பத்தில் சில விழுக்காட்டையே மின்சாரமாக்குகின்றன. எலக்ட்ரான்களை மிக மெல்லிய அடுக்குகளில் அடைத்தால் இத்தடை தளரும் என்று இயற்பியலாளர்கள் ஹிக்ஸும் மில்ட்ரெட் டிரெசல்ஹாஸும் 1993இல் கணித்தனர். குறிப்பிட்ட ஆற்றலுள்ள எலக்ட்ரான்களை மட்டும் கடக்கவிடும் குவாண்டம் புள்ளியை (எலக்ட்ரான்களை அடைத்துவைக்கும் மிக நுண்ணிய பகுதி) நானோகம்பி என்னும் மிக மெல்லிய கம்பி ஒன்றில் அமைத்த ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகக் குழு, கார்னோ எல்லையில் (வெப்ப எந்திரம் எதுவும் மிஞ்ச முடியாத உச்சத் திறன்) 70 விழுக்காட்டுக்கும் மேலான மின்னணுத் திறனை, அதாவது எலக்ட்ரான்கள் சுமக்கும் வெப்பத்தை மட்டும் கணக்கிடும் திறனை, 2018இல் எட்டியது. ஆனால் அது கடுங்குளிரில் நடந்த ஆய்வு.

கைப்பேசிக்கு மின்னேற்ற நினைப்பவர்கள் இத்தகட்டை வாங்க வேண்டாம்; ஆசிரியர்கள் தயங்காமல் வாங்கலாம்.