டிங் டிங் கேட்காத தீவு

நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: அடுத்த டைவிங் பயணத்துக்கு மாலத்தீவு போகலாமா, இந்தோனேசியாவின் கொமோடோவா, இல்லை கரீபியன் தீவான பொனேரா? அவர் புதியவர் இல்லை. எந்தக் கடலில் எத்தனை டிகிரி, எந்த மாதம் தண்ணீர் தெளிவு, எத்தனை மில்லிமீட்டர் தடிமனில் வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) என்பதெல்லாம் அவருக்கே தெரியும். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். பல வருடங்களாக இந்தத் தீவுகளுக்கு மாறி மாறிப் போய்வந்ததில் எனக்கென்று ஒரு அளவுகோல் உண்டாகிவிட்டது: தண்ணீருக்கு அடியில் எத்தனை தடவை முதுகிலுள்ள காற்று சிலிண்டரைத் தட்டுகிறார்கள்?

சிரிக்க வேண்டாம். குழுவாக டைவ் செய்தவர்களுக்கு இது புரியும். வழிகாட்டியின் கையில் ஒரு ஸ்டீல் குச்சி இருக்கும். எதையாவது கண்டால் தன் சிலிண்டரில் டிங், டிங், டிங். காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் ஒலி தண்ணீரில் போகிறது. இரண்டு காதுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்து சேர்வதால், எந்தப் பக்கமிருந்து வந்தது என்று மூளைக்குப் பிடிபடுவதில்லை. ஆளாளுக்கு ஒரு திசையில் திரும்பிப் பார்த்து, கடைசியில் எல்லோரும் ஒரே இடத்தில் போய்க் குவிவார்கள். முதலில் போய்ச் சேர்ந்தவரின் காலில் மாட்டிய துடுப்பு மணலைக் கிளப்பிவிடும். விரல்நுனி அளவு கடல்நத்தை ஒன்று அந்தக் கலங்கலுக்குள் எங்கோ இருக்கும். இருந்தது என்று படகில் ஏறிய பிறகு சொல்வார்கள்.

மாலத்தீவில் இது உச்சம். அங்கே நல்ல டைவ்கள் பெரும்பாலும் பவளத்தீவு வளையங்களை ஊடறுக்கும் கால்வாய்களில்தான். வெளிக்கடல் தண்ணீர் உள்ளே பாயும் நேரம் பார்த்து இறங்கி, வாயிலில் பாறையைக் கொக்கியால் பிடித்துக்கொண்டு காத்திருந்தால், சாம்பல் நிறச் சுறாக்கள் எதிர்நீச்சலில் ஆடாமல் நிற்கும். 2010-இல் அந்த நாடு சுறா பிடிப்பதையே தடை செய்தது. அதன் பலனைக் கண்ணெதிரே பார்ப்பது சாதாரண அனுபவம் இல்லை. ஆனால் அதே வாயிலில் மூன்று படகுக் கூட்டம் தொங்கிக்கொண்டிருக்கும். மூன்று வழிகாட்டிகளும் தட்டுவார்கள். எதற்கு? எல்லோர் மூக்குக்கும் முன்னால் நிற்கும் சுறாவைக் காட்ட!

மாலத்தீவில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஒரு மணி நேரம், வேடிக்கை என்னவென்றால், டைவே இல்லை. பா பவளத்தீவிலுள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் ஸ்கூபாவுக்கு, அதாவது சிலிண்டரோடு மூழ்குவதற்கு, அனுமதி கிடையாது, மேலே மிதந்து பார்க்கலாம், அவ்வளவுதான். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மிதவை உயிரிகள் உள்ளே சேரும்போது கொம்புத் திருக்கைகள் வாயைப் பிளந்துகொண்டு வட்டமடித்து மேயும். யாரிடமும் சிலிண்டர் இல்லை, தட்ட ஒன்றும் இல்லை.

கொமோடோவுக்கு நான் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும். பசிபிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்குப் போகும் தண்ணீரில் ஒரு பங்கு அந்தத் தீவுகளின் இடுக்குகளில் நுழைந்து போகிறது. பாத்து போலோங் என்ற சின்னப் பாறையில் ஒரு பக்கம் நீரோட்டம் மோதும், மறைவுப் பக்கத்தில் நாம் இருப்போம். விளிம்பைத் தாண்டினால் ஓட்டம் கீழ்நோக்கி இழுத்துவிடும். அங்கே டிங் டிங் என்றால் “திரும்பு” என்று அர்த்தம். அந்தச் சத்தத்துக்கு நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் அதே குச்சி, அடுத்த நிமிடமே ஒரு இறாலுக்காகவும் ஒலிக்கும்போது, எது ஆபத்து எது இறால் என்று எப்படித் தெரியும்? ஒரு வழிகாட்டியிடம் கேட்டேன். “அவசரம் என்றால் வேகமாகத் தட்டுவேன்” என்றார். இறாலுக்கும் அவர் வேகமாகத்தான் தட்டினார்.

மலேசியாவின் சிபடான் தீவு பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2004-இலிருந்து தீவில் தங்க முடியாது, நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று அனுமதிச் சீட்டு. சீட்டு கிடைக்கும்வரை பக்கத்துத் தீவான மாபுல் பக்கம் காத்திருக்க வேண்டும். சீலா மீன் கூட்டம் சுழலாகத் திரளும் இடம் சொன்னபடியே அற்புதம். அங்கே தட்டினால்கூட யாரும் திரும்புவதில்லை. அந்தமானில் ஹாவ்லாக் (இப்போது ஸ்வராஜ் தீப்) பக்கம் தூரத்து டைவ்கள் நன்று. பக்கத்து டைவ்களில் முதல்முறை இறங்குபவர்களின் நெரிசல்.

இப்போது பொனேர். கரீபியனில், வெனிசுவேலாவுக்கு வடக்கே, நெதர்லாந்தைச் சேர்ந்த சிறிய தீவு. மேற்குக் கரை முழுக்கக் காற்று மறைவு. கரையிலிருந்து கொஞ்ச தூரம் நீந்தினாலே பவளச் சரிவு தொடங்கிவிடும். சாலையோரம் மஞ்சள் பூசிய கற்களில் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். வாடகை பிக்கப் வண்டியின் பின்னால் சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு, பிடித்த கல்லருகே நிறுத்தி, துணைக்கு ஒருவரோடு நடந்தே கடலுக்குள் இறங்கலாம். படகு நேரம் கிடையாது, குழு கிடையாது, குச்சி கிடையாது. 1979-இலிருந்து சுற்றியுள்ள கடல் முழுவதும் பூங்கா. கையுறை போட அனுமதியில்லை, முதல் நாள் அறிமுகப் பாடமும் சோதனை டைவும் கட்டாயம். அதற்குப் பிறகு நம்மைக் கேட்பார் இல்லை.

அங்கே ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இறங்கினேன். ஒரு மூளைப் பவளத்தின் அடியில் இருந்த விலாங்கை மட்டுமே பார்த்துக்கொண்டு முக்கால்வாசிக் காற்றைச் செலவழித்திருக்கிறேன். கிளிமீன் பவளத்தைக் கொறிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்கும். அது கடலில் எல்லா இடத்திலும் இருக்கும் சத்தம்தான். மற்ற இடங்களில் எனக்குக் கேட்டதில்லை. “ஆயிரம் படிகள்” என்ற இடத்தில் படிகள் நூறுகூட இல்லை, ஆனால் சிலிண்டரோடு திரும்ப ஏறும்போது அந்தப் பெயரை மறுக்கத் தோன்றாது.

குறைகளும் உண்டு. சுறா பார்ப்பது அரிது. 2009-இல் வேற்றுக் கடலிலிருந்து வந்து சேர்ந்து, மற்ற மீன்களைத் தின்னும் சிங்கமீன் இன்னும் போகவில்லை. 2023-இல் பவளத் திசுவை அழிக்கும் நோய் தென்பட்டு, சில இடங்களை மூட வேண்டியதாயிற்று. நோய் ஓர் இடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகாமலிருக்க உபகரணங்களைக் கழுவச் சொல்கிறார்கள். செய்யுங்கள். அப்புறம், வண்டியில் மதிப்புள்ள எதையும் வைக்காதீர்கள். திருடர்கள் கண்ணாடியை உடைக்காமல் இருக்கட்டும் என்று ஜன்னலைத் திறந்தே விட்டுப் போவது அங்கே வழக்கம்.

ஆக, நண்பருக்கு என் பதில் பொனேர். அவரும் மனைவியும் இருவருமே நிதானமாக மூச்சுவிடுபவர்கள், யாரும் அவசரப்படுத்தாத கடல் அவர்களுக்குப் பொருந்தும். விமானத்துக்கு முன் 18 மணி நேரம் டைவ் இல்லாமல் விட வேண்டும் என்பது எல்லாத் தீவுக்கும் பொது. அந்த நாளை உப்பளத்துப் பக்கம் ஃபிளமிங்கோ பார்த்துக் கழிக்கலாம்.

நானா? கொமோடோவுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். இவ்வளவு புலம்பிவிட்டு ஏன் என்று கேட்டால் சரியான காரணம் சொல்லத் தெரியவில்லை. பொனேரில் ஒரு வாரம் போனதும் எல்லாம் ரொம்ப சாதுவாகத் தெரிய ஆரம்பித்துவிடுகிறது. அந்த இழுப்பு வேண்டியிருக்கிறது. இம்முறை படகில் ஆள் குறைவாக உள்ள வாரமாகப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறேன், இறாலுக்கெல்லாம் தட்ட வேண்டாம் என்று கடிதத்திலும் எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.