மீட்டியர் 350: தனியாகவும் ஜோடியாகவும் ஓட்டிப் பார்த்ததில்

டூரிங் வண்டி எடுக்கப்போகும் பலர் ஷோரூமுக்குத் தனியாகத்தான் போகிறார்கள். பேப்பரில் இருக்கும் பவரைப் பார்த்து, தனியாக டெஸ்ட் ரைடு அடித்து, அட்வான்ஸும் கொடுத்துவிடுகிறார்கள். பின்னால் உட்காரப்போகிறவர் வண்டியை முதன்முதலாகப் பார்ப்பதே பூஜை போடும் அன்றைக்குத்தான். நாங்கள் இருவருமாகப் போனோம். அதனால்தான் 2021-ல் ஈரோட்டில் எங்கள் வீட்டுக்கு ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350-ன் சூப்பர்நோவா மாடல் வந்தது. நான் மட்டும் போயிருந்தால் வேறு வண்டி வந்திருக்கும்.

அன்றைய பட்ஜெட்டுக்குள் மூன்று வண்டிகள் இருந்தன: பஜாஜ் டாமினார் 400, ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 411, அப்புறம் மீட்டியர். என் மனசு டாமினாரில் இருந்தது. 40 பிஎஸ் (குதிரைத்திறன்) பவர், ஆறு கியர், நான்குவழிச் சாலையில் 110-ல் வைத்தாலும் அலட்டிக்கொள்ளாமல் போகும். ஹிமாலயனும் பிடித்திருந்தது. ஆனால் அதன் ஓட்டுநர் சீட்டே 800 மி.மீ. உயரம், பின்சீட் அதற்கும் மேலே. காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்காருவதற்குள் மனைவி சொல்லிவிட்டார்: "ஏனுங்க, இதுக்கு ஏணி ஒண்ணு சேத்து வாங்கோணுமாட்ட இருக்குது." டாமினாரில் ஏறுவது சிரமமாக இல்லை. முட்டி ரொம்ப மடங்குகிறது என்றார். "பெருந்துறை போய்ட்டு வரலாமுங்க, மைசூருக்கு ஆகாது." மீட்டியரில் ஓட்டுநர் சீட் 765 மி.மீ.தான். சூப்பர்நோவாவில் முதுகுக்குச் சாய்மானம் கம்பெனியிலிருந்தே வருகிறது. ஏறி உட்கார்ந்தவர் இறங்குவதைப் பற்றிப் பேசவே இல்லை. முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

இப்போது ஓடோமீட்டர் நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பகுதி இருவருமாக ஓடியது. இந்த அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்வேன்: ஜோடியாகப் போகிறவர்கள் வண்டி எவ்வளவு வேகம் போகும் என்பதைவிட எப்படி நிற்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இதை நன்றாகப் பார்க்கலாம். முன்னால் ஒரு கரும்பு லாரி. வளைவில் ஒரே மடக்கில் திரும்ப முடியாமல் நின்று, பின்னுக்கு வந்து, மறுபடி ஏறும். நாமும் அந்தச் சரிவில் நிற்க வேண்டும். வண்டி மட்டும் 191 கிலோ. இரண்டு பேர், இரண்டு பை. வலது கால் பின் பிரேக்கை விட்டு நகர முடியாது. மொத்த எடையையும் இடது கால்தான் தாங்கும். அந்தப் பக்கம் ரோடு அரையடி பள்ளமாக இருந்தால் உயரமான வண்டியில் நுனிக்காலில் நிற்க வேண்டியிருக்கும். பின்னால் இருப்பவர் அந்த நேரம் பார்த்துக் குரங்கைப் பார்க்கத் திரும்பினால் அவ்வளவுதான், வண்டி சாயும். மீட்டியரில் பாதம் முழுதும் தரையில் பதிகிறது. லாரி நகர்ந்ததும் கிளட்ச்சை விட்டால் போதும், ஆக்ஸிலேட்டரைத் திருகி உறும வைக்கத் தேவையில்லை. இன்ஜினின் இழுவிசை (டார்க்) 27 என்எம் முழுதும் 4000 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுவதால் இரண்டாம் கியரில் உருட்டிக்கொண்டே மேலே போய்விடலாம்.

சரி, இதற்குக் கொடுக்கும் விலை என்ன? ஓவர்டேக். 20 குதிரைத்திறன்தான். இரண்டு பேரோடு 80-லிருந்து 100-க்குப் போக நேரம் எடுக்கும். ஐந்தாவது கியரிலேயே முறுக்கிக்கொண்டிருந்தால் எதிரே பஸ் வந்துவிடும். நான்குக்கு இறக்கி, நீளமான இடைவெளி பார்த்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். 80 முதல் 90 வரை இதன் சொந்த ஊர். இன்ஜினில் பேலன்ஸர் ஷாஃப்ட் இருப்பதால் அந்த வேகத்தில் கையிலும் காலிலும் அதிர்வு தெரிவதில்லை. பழைய 350 புல்லட் ஓட்டியவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே புரியும். நூறைத் தாண்டினால் இன்ஜின் கஷ்டப்படுவது காதில் கேட்கும். நாங்கள் தாண்டுவதில்லை. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் பைக்கை விடுவதே இல்லை, சர்வீஸ் ரோடுதான் நமக்கு. அங்கே 40 பிஎஸ் இருந்து என்ன செய்ய?

பின்னால் இருப்பவருக்கு முன்னால் உள்ள ரோடு தெரியாது. பள்ளம் வருவதும் பிரேக் விழப்போவதும் அவருக்குத் திடீரென்று நடப்பவை. கியர் மாற்றுவது கரடுமுரடாக இருந்தால் அவருடைய ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் 'டொக்' என்று வந்து இடிக்கும். நான் ஒழுங்காக ஓட்டுகிறேனா என்பதற்கு இதைவிட நல்ல மீட்டர் கிடையாது.

இன்னொன்று, பலர் தொடாத விஷயம்: பின்பக்க ஷாக் அப்சார்பரில் ஆறு நிலை பிரீலோடு, அதாவது ஸ்பிரிங்கை இறுக்கி வைக்கும் வசதி, இருக்கிறது. தனியாகப் போகும்போது ஒரு நிலை, இருவருக்கு இரண்டு மூன்று நிலை மேலே. ஸ்பேனர் போட்டுத் திருப்ப ஐந்து நிமிடம் ஆகும். அதைச் செய்யாமல் ஆளும் பையும் ஏற்றினால் பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருபவன் கண்ணில் அடிக்கும், ஸ்பீடு பிரேக்கரில் அடிவயிறு தட்டும். டயர் காற்றும் அப்படியே. கையேட்டில் பின் டயருக்குத் தனி ஆளுக்கு ஓர் அளவும் இருவருக்கு ஓர் அளவும் போட்டிருக்கும். பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்கும் தம்பி எல்லா வண்டிக்கும் ஒரே அளவுதான் வைப்பார், நாம்தான் சொல்ல வேண்டும்.

தனியாக ஓட்டும்போது இந்த வண்டி வேறு முகம் காட்டும். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சோம்பேறி முகம். ஃபுட்ரெஸ்ட் முன்னால் தள்ளி இருக்கிறது. நேர்ச்சாலையில் அது சொகுசு. குண்டும் குழியுமான ரோட்டில் காலை ஊன்றி எழுந்து நிற்க முடியாது, ஒவ்வொரு குழியும் முதுகெலும்புக்கு நேராக வந்து சேரும். ஹிமாலயனில் எழுந்து நின்றபடியே போய்விடலாம். கொல்லிமலையின் 70 வளைவுகளில் கொஞ்சம் உற்சாகமாகச் சாய்த்தால் ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசும். டாமினார் வைத்திருக்கும் நண்பர் அடுத்த வளைவில் எனக்காகக் காத்திருப்பார், நக்கலும் தயாராக வைத்திருப்பார்.

ஆனால் கன்னியாகுமரிக்குத் தனியாகப் போனபோது இந்த எடைக்கு ஒரு பலன் கிடைத்தது. ஆடி மாதம். வள்ளியூர் தாண்டி ஆரல்வாய்மொழிப் பக்கம் திரும்பினால் கணவாய்க் காற்று வண்டியை அடுத்த லேனுக்கே தள்ளப் பார்க்கும். சும்மாவா அங்கே அத்தனை காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள்? தாழ்வான, கனமான வண்டி என்பதால் ஹேண்டிலை லேசாகப் பிடித்துக்கொண்டு 60-ல் போக முடிந்தது. அன்றைக்கு டாப் பாக்ஸ் போடாமல் போனதும் நல்லதாகப் போயிற்று. பக்கக் காற்றில் அது பாய்மரம்தான். காற்று இல்லாத நாளிலும், பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும் அந்தப் பெட்டியில் கனத்தை ஏற்றினால் முன் சக்கரம் இலேசாகி ஹேண்டில் ஆடும். கனமான சாமான் எல்லாம் பக்கப் பைகளில், முடிந்தவரை கீழே. டாப் பாக்ஸில் மழைக்கோட்டும் முறுக்கும் போதும்.

மற்றவை சுருக்கமாக. இருவரோடு நிதானமாக ஓட்டினால் லிட்டருக்கு 32, 33 கிடைக்கிறது, தனியாக 35 பக்கம். 15 லிட்டர் டேங்க் என்பதால் பங்க் தேடி அலைவதில்லை. அலாய் வீலும் டியூப்லெஸ் டயரும் இருப்பது வெளியூரில் பெரிய நிம்மதி, பஞ்சர் கிட் ஒன்று சீட்டுக்கடியில் கிடந்தால் போதும். சென்டர் ஸ்டாண்டு இருப்பதால் செயினுக்கு மசகு ஸ்பிரே அடிப்பது சுலபம். ஹெட்லைட் ஹாலோஜன், ராத்திரிக்குப் போதாது. இருட்டுவதற்குள் ரூம் போட்டுவிடுவது எங்கள் வழக்கம், அது லைட்டினால் வந்ததா வயதினால் வந்ததா என்று தெரியவில்லை. வழிகாட்டும் ட்ரிப்பர் திரையைவிட டீக்கடைக்காரரையே அதிகம் நம்புகிறேன்.

இப்போது புதிதாக எடுப்பவருக்குக் கணக்கு மாறியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது, அதற்கு மேலே போனால் 40. 349 சிசி மீட்டியர் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். அதே ஆண்டு வந்த புது மாடலில் எல்இடி ஹெட்லைட்டும், கிளட்ச்சை இலேசாக்கும் ஸ்லிப் அசிஸ்ட்டும் கொடுத்துவிட்டார்கள். ஆண்டில் பெரும்பாலும் தனியாகத்தான் போவேன், மலையும் மண் ரோடும்தான் எனக்கு வேண்டும் என்பவர் வரி கூடினாலும் ஹிமாலயன் 450-ஐப் பார்க்கலாம். 40 பிஎஸ் பவரும், எழுந்து நின்று ஓட்டும் வசதியும் அதில் இருக்கின்றன. சீட் 825 மி.மீ. வீட்டிலிருந்து ஆள் வருவதாக இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போய், அரை மணி நேரமாவது பின்னால் உட்கார வைத்து, ஒரு மேம்பாலம் ஏறி இறங்கிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.