மாஃபுஷியில் மூன்று வேளை: ஹோட்டாவா, கெஸ்ட் ஹவுஸா, ரிசார்ட்டா?

மாலத்தீவுக்குப் போனால் சாப்பாட்டுக்கே பர்ஸ் காலியாகிவிடும் என்ற பயம் நம்மவர்களுக்கு உண்டு. ரிசார்ட் தீவில் தங்கினால் அது நியாயமான பயம்தான். அங்கே வேறு கடை கிடையாது, கேட்ட விலையைக் கொடுத்தாக வேண்டும். மாலேக்குத் தெற்கே இருக்கும் மாஃபுஷி மாதிரி ஊர்மக்கள் குடியிருக்கும் தீவில் நிலைமை வேறு. நீளமே ஒன்றேகால் கிலோமீட்டர்தான், ஆனாலும் சாப்பிட நான்கு வழி இருக்கிறது. என் ஓட்டு பெரும்பாலும் முதலாவதற்கு.

அது ஹோட்டா, ஊர்க்காரர்களின் டீக்கடை. காலையில் மஸ் ஹுனி கிடைக்கும். சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைந்து, ரோஷி என்ற மெல்லிய ரொட்டியோடு தருவார்கள். மாசிச் சம்பல் பழகிய நாக்குக்கு உடனே பிடித்துவிடும். அந்த மாசிக்குப் பேர்போன இடமே இந்தத் தீவுகள்தானே! மதியம் கருதியா, அதாவது சூரையை உப்புப் போட்டு வேகவைத்த தெளிந்த சாறு. சோற்றில் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிட வேண்டும். மசாலாவே இல்லையே என்று முதல் வாயில் தோன்றும். இங்கே சூரையை வலைபோட்டு அள்ளுவதில்லை, தூண்டிலில் ஒவ்வொன்றாகத்தான் பிடிக்கிறார்கள். அப்படி வந்த புது மீனுக்கு உப்பும் எலுமிச்சையும் போதும். இந்தச் சாற்றையே சுண்டச் சுண்டக் காய்ச்சினால் ரிஹாகுரு என்ற கரும்பழுப்பு விழுது கிடைக்கும். வாசனை தூக்கலாக இருக்கும், கொஞ்சமாகத் தொட்டுப் பாருங்கள்.

சாயங்காலம் ஹெதிகா, அதாவது டீயோடு கடிக்கும் பலகாரங்கள். சமோசா ஜாடையில் பஜியா, உருண்டையாகப் பொரித்த குல்ஹா, மீனும் தேங்காயும் அடைத்துச் சுட்ட மஸ்ரோஷி. எதைப் பிய்த்தாலும் உள்ளே சூரைதான்! சாப்பாடு பெரும்பாலும் இரண்டு இலக்க ரூஃபியாவில் (அந்த ஊர்ப் பணம்) முடிந்துவிடும். அதிகாரபூர்வ விலையில் ஒரு டாலர் 15.42 ரூஃபியா. குறை என்றால், மூன்று வேளையும் ஒரே மீன். ராத்திரி நேரம் கழித்துப் போனால் மிச்சம் மீதிதான். ஆண்கள் கூட்டம் அதிகமாக இருக்கும், ஆனால் பெண்கள் போய் உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

அடுத்தது கெஸ்ட் ஹவுஸ் சாப்பாடு. அறை போடும்போதே காலை, இரவு உணவையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள். காலை உணவு சரி. இரவுக்கும் முன்பணம் கட்டுவதை மாஃபுஷியில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன், வெளியே அத்தனை இடம் இருக்கிறது. ஃபுலிதூ போன்ற சின்னத் தீவென்றால் வாங்கிவிடுங்கள். அங்கே பல இடங்களில் சொல்லி வைத்தால்தான் அடுப்பே பற்றும். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த விலைக்கு மேல் இரண்டு சேரும்: சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதன் மேல் சுற்றுலா ஜிஎஸ்டி 17 சதவீதம் (2025 ஜூலையிலிருந்து). 20 டாலர் மீன் வறுவல் பில்லில் 25.74 ஆகிவிடும்.

கடற்கரை ரெஸ்டாரன்ட்டுகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பீட்சா, பாஸ்தா, பர்கர் என்று எல்லாம் உண்டு, ஆனால் அதற்காகவா இவ்வளவு தூரம்? பவழ மணல் நிலத்தில் காய்கறி அதிகம் விளைவதில்லை. அரிசி, மாவு, முட்டை, வெங்காயம் எல்லாமே கப்பலில் வருகிறது, அதில் கணிசமான பங்கு இந்தியாவிலிருந்துதான். அன்றைக்கு வந்த களவாவையோ சங்கராவையோ கண்ணெதிரே காட்டிவிட்டுச் சுட்டுத் தரும் கடையாக இருந்தால் மட்டும் ஒரு ராத்திரி போகலாம்.

நான்காவது வழி ரிசார்ட் டே பாஸ், அதாவது பக்கத்து ரிசார்ட் தீவுக்குப் பகலில் மட்டும் போய்வரும் சீட்டு. அதில் படகு, மதிய பஃபே, நீச்சல் குளம் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நூறு டாலரைத் தாண்டுவது சகஜம். சாப்பாட்டுக்கு மட்டும் என்றால் இது வீண். பீர் வேண்டுமென்றால் கணக்கு மாறும், ஏனென்றால் ஊர்த் தீவுகளில் மதுவுக்குத் தடை. அதற்கும் மலிவான வழி உண்டு: மாஃபுஷிக்குச் சற்றுத் தள்ளி நங்கூரமிட்டிருக்கும் மிதக்கும் பார்.

சைவக்காரர்களுக்கு மட்டும் என் வரிசை தலைகீழ். ஹோட்டாவில் மீன் படாத பண்டத்தைத் தேடி அலைவதைவிட, கெஸ்ட் ஹவுஸ் சமையற்காரரிடம் முந்தின நாளே சொல்லி வையுங்கள். தெற்காசியக்காரர்கள் பலர் அங்கே அடுப்படியில் இருக்கிறார்கள், பருப்பும் ரொட்டியும் தடையில்லாமல் வரும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடியும்வரை கடைகள் மூடியிருக்கும். ரமலான் மாதமென்றால் பகலில் ஹோட்டா கிடையாது, அப்போது எல்லோருக்கும் கெஸ்ட் ஹவுஸ்தான் கதி.